மூணு துண்டும் ஒரு முழமும்: இத்தாலி பூல்யாவில் ஏழு நாள்

முதல் நாள், சனி

ஸ்டுட்கார்ட்டில் விமானம் ஏறி இரண்டு மணி நேரத்துக்குள் பாரியில் இறங்கிவிட்டோம். ஊர்ப் பலகையைப் பார்த்ததும் "முல்லைக்குத் தேர் குடுத்தவன் பேர்ல ஊரா?" என்று அப்பா கேட்டார். அவர் இந்தப் பயணத்தில் தானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

நாங்கள் ஏழு பேர். நான், என் கணவர், 12 வயதுப் பையன், 6 வயதுப் பொண்ணு, மன்னார்குடியிலிருந்து என் அத்தை (மாமியார்), பேராவூரணிப் பக்கத்திலிருந்து அப்பா, அம்மா. மூன்று பெரியவர்களும் கோடை முடிவில் வந்தார்கள். அப்பாவை வரவைக்கத்தான் பெரும்பாடு. கஜாவுக்கு அப்புறம் அவர் தென்னந்தோப்பை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த அந்தப் புயலில் எங்கள் நாலு ஏக்கரில் மிஞ்சியது 41 மரம். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஸ்டுட்கார்ட் வீட்டில் மூன்றாவது மாடியில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தெருவைப் பார்த்தபடியே நாளைக் கழித்தார். இந்த இலையுதிர்கால விடுமுறைக்கு நகரம் எதுவும் வேண்டாம், மரம் இருக்கிற இடமாகப் போவோம் என்று நான் பிடிவாதமாக நின்றது அதனால்தான்.

வாடகை வண்டி நிறுவனத்தில், நாங்கள் பதிவு செய்த வண்டி இல்லை என்று ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். அத்தையின் முழங்கால் வலி அவர்களுக்கு எப்படித் தெரியும்! கடைசியில் ஒரு பெரிய ஒன்பது இருக்கை வேன் கொடுத்தார்கள். சிஸ்டர்னினோ என்ற சிற்றூருக்கு வெளியே, தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. கடைசி இரண்டு கிலோமீட்டர் பாதையில் இரண்டு பக்கமும் கல்சுவர், நடுவில் வேனும் ஒரு விரல் இடைவெளியும். கணவர் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு ஊர்ந்தார். இருட்டில் முகப்பு விளக்கு பட்டதும் மூன்று கூம்புக் கூரைகள் தெரிந்தன. "குதிரு மாதிரி இருக்கு" என்றார் அம்மா. நெல் கொட்டி வைக்கும் குதிர். அதைவிடப் பொருத்தமாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் நாள், ஞாயிறு

இந்தக் கூம்பு வீட்டுக்கு ட்ருல்லோ என்று பேர், பலவாகச் சொன்னால் ட்ருல்லி. சுண்ணாம்புக் கல்லைச் சாந்து எதுவும் இல்லாமல் ஒன்றன் மேல் ஒன்றாக வட்டம் வட்டமாக அடுக்கி, மேலே போகப் போக வட்டத்தைச் சுருக்கிக் கூம்பாக முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கூம்பும் ஒரு அறை. சுவர் அவ்வளவு தடிமன், அதைக் குடைந்து கட்டில் போட்டுத் திரை தொங்கவிட்டிருக்கிறார்கள். பொண்ணு நேராக அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டு இதுதான் என் வீடு என்றாள்.

காலையில் எழுந்து பார்த்தால் அப்பாவைக் காணவில்லை. தேடிப் போனால் தோட்டத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணை அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். செக்கச் செவேலென்று செம்மண், அதற்குக் கீழே ஒரு முழத்தில் பாறை. அத்தி, மாதுளை, வாதுமை, வேலி ஓரமாகச் சப்பாத்திக்கள்ளி. இந்தக் கள்ளிப் பழத்துக்கு இங்கே "இந்திய அத்தி" என்று பேர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. கொலம்பஸ் தான் போய்ச் சேர்ந்த இடத்தை இந்தியா என்று நினைத்ததில் ஒட்டிக்கொண்ட பேர், இன்னும் போகவில்லை. அம்மாவுக்குச் சின்ன வயதில் கள்ளிப்பழம் பறித்துத் தின்ற ஞாபகம் வந்து, துணியில் பிடித்து முள்ளைத் தேய்த்து எடுத்துப் பேத்திக்குக் கொடுத்தார். வாயெல்லாம் சிவப்பு.

வீட்டுக்காரப் பெரியவருக்கு 74 வயது, அப்பாவைவிட மூன்று வயது மூத்தவர். பக்கத்து வீட்டில் மனைவியோடு இருக்கிறார். சாவியும் ஒரு கூடை அத்திப்பழமும் கொடுத்துவிட்டு, அப்பா கூரையை அண்ணாந்து பார்ப்பதைக் கவனித்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தரையில் ஒரு கல் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே தண்ணீர். கூரையில் விழுகிற மழையெல்லாம் வழிந்து வீட்டுக்கு அடியில் இருக்கும் தொட்டியில் சேர்கிறது. இந்த நாட்டுப்புறத்தில் ஆறே கிடையாது. மழை சுண்ணாம்புப் பாறையில் இறங்கி மறைந்துவிடும். மலைகளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் செலே ஆற்றின் ஊற்றிலிருந்து கால்வாய் வெட்டிக் குழாய் போட்டு, பாரிக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததே 1915இல்தான். அதுவரைக்கும் கூரைத் தண்ணீர்தான் குடிதண்ணீர். அப்பா ஒரு கல்லைப் போட்டு, சத்தத்தை வைத்து ஆழம் பார்த்தார். "ரெண்டு ஆள்" என்றார். பெரியவர் இரண்டு விரலைக் காட்டித் தலையாட்டினார். அப்புறம் இருவரும் கல்சுவர்ப் பக்கம் போனவர்கள் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினார்கள். என்ன மொழியில் பேசினார்கள் என்று அம்மா கேட்டதற்கு அப்பா, "கல்லு அடுக்குறதுக்கு என்ன மொழி" என்றார்.

மூன்றாம் நாள், திங்கள்

அல்பெரோபெல்லோ. ட்ருல்லிகளுக்கென்றே பேர் போன ஊர், 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆயிரத்துக்கு மேல் கூம்புகள் ஒரே சரிவில் நெருக்கியடித்து நிற்பது பார்க்க அழகுதான், ஆனால் முக்கால்வாசி கடை. அக்டோபர் கடைசியிலும் பேருந்து பேருந்தாகக் கூட்டம்.

அங்கே கேட்ட ஒரு சங்கதி அப்பாவுக்குப் பிடித்துப்போனது. அந்தக் காலத்தில் புதிதாகக் குடியிருப்பு கட்டினால் அரசனுக்கு வரி கட்ட வேண்டும். இந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான கொன்வெர்சானோ பிரபு வரியிலிருந்து தப்பிக்க, குடியானவர்கள் சாந்து வைக்காமல்தான் வீடு கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தாராம். அதிகாரி வருகிறார் என்றால் பிரித்துப் போட்டுவிடலாம் இல்லையா. வீடு என்று ஒன்று எப்போதும் நிலைக்க முடியாத குடிகள் 1797இல் நேராக அரசனிடமே போய் முறையிட்டுப் பிரபுவின் பிடியிலிருந்து விடுதலை வாங்கினார்கள். "கல்லு வச்சவனுக்குத்தான் வீடு" என்றார் அப்பா.

அத்தையால் மேடு ஏற முடியவில்லை. நானும் அவரும் கீழே ஒரு திண்ணையில் உட்கார்ந்து தரால்லி தின்றோம். சோம்பு போட்டு, வெந்நீரில் ஒரு கொதி விட்டு, பிறகு அடுப்பில் சுட்டெடுக்கும் சின்ன வளையம், கடித்தால் முறுக்கு மாதிரி நொறுங்குகிறது. ஒரு பெரிய பை காலி.

நான்காம் நாள், செவ்வாய்

மழை. கூரையில் விழுந்த தண்ணீர் வீட்டுக்கு அடியில் இறங்கும் சத்தத்தைப் பிள்ளைகள் தரையில் காது வைத்துக் கேட்டார்கள்.

சாயங்காலம் மழை விட்டதும் அத்தையைக் கூட்டிக்கொண்டு ஓர் ஆசிரமத்துக்குப் போனேன். ஆமாம், இந்த ஆலிவ் காட்டுக்குள் ஓர் ஆசிரமம் இருக்கிறது. லிசெத்தா கார்மி என்ற ஜெனோவா ஊர்ப் புகைப்படக் கலைஞர், இமயமலை அடிவாரத்து ஹைடாகான் பாபாஜியைச் சந்தித்த பிறகு, 1979 வாக்கில் சிஸ்டர்னினோவில் தொடங்கியது. அவர் 2022இல் இந்த ஊரிலேயே காலமானார். இத்தாலியப் பெண்கள் சேலை கட்டிக்கொண்டு ஆரத்தி பாடினார்கள். அத்தை ஊரிலிருந்து வந்ததிலிருந்து கோயில் மணி கேட்காதவர். கண்ணை மூடியவர் முடிகிற வரைக்கும் திறக்கவில்லை. வெளியே வந்து, "நல்லா இருந்துச்சும்மா, சுண்டல்தான் இல்ல" என்றார்.

ஐந்தாம் நாள், புதன்

இன்றைக்கு அறுவடை. கீழே ஒஸ்தூனி சமவெளியில், கடலுக்கும் குன்றுக்கும் நடுவே, பெரியவருக்கு அறுபது ஆலிவ் மரம் இருக்கிறது. அப்பாவை மட்டும்தான் அழைத்தார். நாங்கள் எல்லாரும் ஏறிக்கொண்டோம்.

அந்தச் சமவெளியை எப்படிச் சொல்ல. ஒவ்வொரு மரமும் ஒரு ஆள். தண்டு நேராகவே இல்லை. முறுக்கிப் பிழிந்த ஈரத்துணி மாதிரி திருகி, நடுவில் பிளந்து, சிலது இரண்டாகப் பிரிந்து இரண்டு காலில் நிற்கிற மாதிரி நிற்கிறது. உள்ளே பொந்து, பொண்ணும் பையனும் சேர்ந்து நுழைந்து நிற்கலாம். ஆயிரம் வருஷம் தாண்டியவை இருக்கின்றன என்கிறார்கள். 2007இல் பூல்யா மாநிலம் சட்டமே போட்டிருக்கிறது: நினைவுச்சின்ன மரம், சொந்த நிலத்தில் இருந்தாலும் வெட்டவோ பிடுங்கவோ கூடாது. கோயிலைப் பாதுகாக்கிற மாதிரி மரத்தைப் பாதுகாக்கிறார்கள். எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமாகப் பட்டது.

அப்பா எதுவும் சொல்லாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ஒரு பெரிய மரத்தின் அடியில் நெஞ்சு உயரத்துக்குத் துண்டின் ஒரு முனையை வைத்து என்னைப் பிடிக்கச் சொன்னார். சுற்றிச் சுற்றி அளந்தார். மூணு துண்டும் ஒரு முழமும். அந்த ஒரு முழம் முடிகிற இடத்தில் துண்டில் ஒரு முடிச்சுப் போட்டார், ஊரில் சொன்னால் நம்ப வேண்டுமே என்று.

மரத்தடியில் வலை விரித்து, நீளமான கழியின் முனையில் விரல் மாதிரி அதிரும் ஒரு கருவியால் கிளையைச் சீவுகிறார்கள். காய் மழையாகக் கொட்டுகிறது, பச்சையும் ஊதாவும் கலந்து. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கருவியை வாங்கிக்கொண்டார். எனக்குப் பயம்தான், 71 வயது. ஆனால் மூன்றே நிமிஷத்தில் கை பிடிபட்டுவிட்டது, எந்தக் கிளையை முதலில், எந்தப் பக்கம் நின்று என்று. பெரியவர் கைப்பேசியில் மொழிபெயர்ப்பைத் தட்டி, உங்கள் மரத்தில் வருஷத்துக்கு எத்தனை அறுவடை என்று கேட்டார். இங்கே வருஷத்துக்கு ஒன்று, அதுவும் ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் குறையும். "45 நாளைக்கு ஒரு வெட்டு" என்றார் அப்பா. கைப்பேசி அதைச் சொன்னதும் பெரியவர் தப்பாக மொழிபெயர்த்துவிட்டது என்று நினைத்து மறுபடி கேட்டார். அப்பா அன்றைக்குத்தான் சிரித்தார்.

சாயங்காலம் காயோடு ஆலைக்குப் போனோம். வழியில் பாறையைக் குடைந்து நிலத்துக்கு அடியில் செய்த பழைய செக்கு ஒன்றைக் காட்டினார். கல் சுற்ற மாடோ கோவேறு கழுதையோ. பூமிக்குள் ஏன் என்றால், குளிரில் எண்ணெய் உறைந்துவிடும், உள்ளே கதகதப்பாக இருக்கும். "மார்கழியில தேங்கா எண்ணெ மாதிரி" என்று அம்மாவும் அத்தையும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்தக் காலத்தில் இந்த எண்ணெயில் பெரும்பங்கு விளக்குக்குத்தான், கல்லிப்பொலி துறைமுகத்திலிருந்து லண்டன் வரைக்கும் கப்பலில் போயிருக்கிறது. இப்போது எல்லாம் எஃகு இயந்திரம். அரைத்து, பிசைந்து, சுழற்றிப் பிரித்து, நூறு கிலோ காய்க்குச் சுமார் பதினைந்து கிலோ எண்ணெய். குழாயிலிருந்து நேராகப் பிடித்துக் கொடுத்ததை ரொட்டியில் ஊற்றித் தின்றோம். இலைப் பச்சை நிறம், புல் வாசம், விழுங்கிய பிறகு தொண்டையில் மிளகுக் காரம். அத்தைக்கு இருமல் வந்துவிட்டது. புது எண்ணெய் அப்படித்தானாம், இருமல் வராவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டுமாம்.

கிளம்பும்போது பெரியவர், நாளைக்குத் தெற்கே மைத்துனர் தோப்புக்குப் போகிறேன், வருகிறாயா என்று அப்பாவைக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, அங்கே பார்ப்பதற்கு நன்றாக இருக்காது என்றார்.

ஆறாம் நாள், வியாழன்

அம்மாவும் அத்தையும் பொண்ணும் வீட்டில். மற்றவர்கள் கிளம்பினோம். பிரிந்திசி தாண்டி, லெச்சே தாண்டி, கல்லிப்பொலிப் பக்கம். சுமார் இரண்டு மணி நேரம்.

லெச்சேக்குத் தெற்கே வண்டிக்குள் பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ஆலிவ் தோப்புதான், நேற்றுப் பார்த்த அதே மாதிரி பெரிய திருகிய மரங்கள், ஆனால் இலை இல்லை. சாம்பல் நிறத்தில் சுள்ளிகள் மட்டும். ஒரு தோப்பு முடிந்தால் அடுத்தது, அதுவும் அப்படியே. கிலோமீட்டர் கணக்கில். சில இடங்களில் வேரோடு பிடுங்கிக் குவித்திருந்தார்கள். சில இடங்களில் அடியில் மட்டும் கொஞ்சம் பச்சைத் துளிர், அதுவும் கருகிப் போயிருந்தது.

சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பாக்டீரியா. மரத்துக்குள் தண்ணீர் ஏறுகிற குழாய்களில் குடியிருந்து அதை அடைத்துவிடுகிறது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மரம் தாகத்தில் சாகும். செடியில் எச்சில் துப்பின மாதிரி நுரைக்குள் இருக்குமே ஒரு பூச்சி, அது மரத்துக்கு மரம் பரப்புகிறது. 2013இல் கல்லிப்பொலிப் பக்கத்தில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த அலங்காரக் காப்பிச் செடி ஒன்றோடு வந்திருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். லட்சக்கணக்கான மரங்கள் போய்விட்டன. நான் இதையெல்லாம் படித்துச் சொல்லச் சொல்ல அப்பா ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. பிறகு, "தஞ்சாவூர் வாடல்" என்றார். தென்னையில் அடித்தண்டு அழுகிச் சாறு வடியும் நோய். 1952 புயலுக்கு அப்புறம் எங்கள் ஜில்லாவில் தலைகாட்டியதால் அந்தப் பேர். "அதுவாவது ஒண்ணு ரெண்டாப் போகும்."

பெரியவரின் மைத்துனர் எழுபதைத் தாண்டியவர். இளம் வயதில் பதினைந்து வருஷம் ஜெர்மனியில் தொழிற்சாலை வேலை பார்த்திருக்கிறார். 1955இல் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்ட பிறகு இந்தத் தெற்கிலிருந்து ஏராளமான பேர் அப்படிப் போனார்கள். ஆக, என் பையனுக்கு வேலை வந்தது. தாத்தா தமிழில் சொல்ல, பையன் ஜெர்மனில் சொல்ல, அவர் பெரியவருக்கு அவர்கள் ஊர்ப் பேச்சில் சொல்ல, திரும்பவும் அதே வழி. என்னைப் பேச விடவில்லை, "அம்மா, நான் சொல்றேன்" என்றான்.

அவர் தோப்பில் இருநூறு மரம் நோயில் காய்ந்துபோனது. அதில் அடித்தண்டில் உயிர் இருந்த பன்னிரண்டை மட்டும் பிடுங்காமல் விட்டு, மேலே எல்லாவற்றையும் அறுத்துவிட்டு, அடித்தண்டில் லெச்சினோ என்ற, நோய் தாங்கும் ரகத்தை ஒட்டுக் கட்டியிருக்கிறார். எப்படி என்று காட்டினார். அறுத்த முகப்பில் பட்டையைக் கத்தி முனையால் லேசாக நெகிழ்த்தி, சீவிய ஒட்டுக்குச்சியைப் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் செருகி, இறுகக் கட்டி, காற்றும் தண்ணீரும் போகாமல் மெழுகு பூசிவிடுகிறார். பன்னிரண்டில் ஏழு பிடித்திருக்கிறது. மற்றதும் பிடிக்குமா, பிடித்ததும் நிலைக்குமா என்று சொல்ல முடியாது என்றார். ஆனால் இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற கிழட்டுத் தண்டின் தலையில் நாலு வயசுக் கிளைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன, அதில் காயும் இருந்தது.

அப்பா ஒட்டு வாய் மூடிய இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார். பழைய பட்டை கருப்பு, புதுப் பட்டை வழவழவென்று சாம்பல், நடுவில் உதடு மாதிரி ஒரு வரம்பு. ரொம்ப நேரம் கழித்து, பையனைப் பார்த்துத்தான் பேசினார்.

"அவர்ட்ட சொல்லு, எங்க மரத்துக்கு ஒட்டு கிடையாதுன்னு. தென்னைக்குக் கிளை இல்ல. ஒரே ஒரு குருத்து. அது முறிஞ்சா மரம் முடிஞ்சுது."

பையன் திரும்பி, "தாத்தா, குருத்துன்னா?" என்றான்.

அப்பா அவன் தலை உச்சியில் கையை வைத்தார். "இங்க, நட்ட நடுவுல, இன்னும் விரியாத இளசு. அதுலேர்ந்துதான் எல்லா மட்டையும் வரும். வெள்ளையா, இனிப்பா இருக்கும்."

பையன் யோசித்து ஒரு வார்த்தை சொன்னான். ஜெர்மனில் அதற்கு மரத்தின் இதயம் என்றுதான் பேர். மைத்துனர் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். ஆமாம் என்றார் அப்பா.

அப்புறம் அவர் சொல்ல ஆரம்பித்தார். ராத்திரி ஒரு மணிக்கு மேல் காற்று திசை மாறியது, கொல்லையில் வெடி போட்ட மாதிரி ஒவ்வொன்றாகச் சத்தம் கேட்டது, இருட்டில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அவர் சத்தத்தை எண்ணினது, நூறு வரைக்கும் எண்ணிவிட்டு நிறுத்தினது. விடிந்து போனால் நின்ற மரங்களும் தலை திருகி நின்றது. மட்டை பச்சையாகத்தான் இருந்தது, இது பிழைத்துவிடும் என்று ஒரு மாசம் காத்திருந்தது, பிறகு குருத்து அழுகி உருவினால் கையோடு வந்தது. அவர் அப்பா நட்ட மரங்கள் அவை. இதில் ஒரு வரிகூட நான் இதுவரை கேட்டதில்லை. நான் அப்போது ஸ்டுட்கார்ட்டில் இருந்தேன், தொலைபேசியில் "ஒண்ணும் இல்ல, மரம்தான்" என்றார்.

பையன் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தான், தெரியாத வார்த்தைக்கெல்லாம் தாத்தாவைக் கேட்டு. மட்டை, பாளை, குரும்பை. கேட்கக் கேட்க அப்பா இன்னும் நிதானமாக, இன்னும் விவரமாகச் சொன்னார். மறுபடி நட்டீர்களா என்று மைத்துனர் கேட்டார். நட்டேன், போன வருஷம்தான் முதல் பாளை விட்டுது என்று அப்பா சொன்னபோது அந்த இரண்டு இத்தாலியர்களும் அவர் தோளைத் தட்டினார்கள்.

ஒரு ஒட்டுக்குச்சி கிடைக்குமா என்று அப்பா கேட்டார். மைத்துனர் தலையை ஆட்டிவிட்டார். நோய்ப் பகுதியிலிருந்து நாற்றோ குச்சியோ வெளியே போகக் கூடாது, சட்டம். "சரி, சரி, அதுதான் முறை" என்று அப்பா உடனே கையெடுத்துக் கும்பிட்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் தாத்தாவும் பேரனும் பின் இருக்கையில் பேசிக்கொண்டே வந்தார்கள். கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏழாம் நாள், வெள்ளி

பாரி வழியாகத் திரும்பினோம். பழைய ஊரில் ஒரு சந்து முழுக்கப் பெண்கள் வாசலில் மேசை போட்டு ஒரெக்கியெத்தே செய்கிறார்கள், "சின்னக் காது" என்று அர்த்தம். கெட்டி ரவை மாவும் தண்ணீரும்தான், முட்டை இல்லை என்றதும் அத்தை கிட்டே போனார். கயிறு மாதிரி உருட்டின மாவில் நகம் அளவு வெட்டி, மழுங்கின கத்தியால் பலகையில் ஓர் இழுப்பு, அது சுருண்டதும் கட்டைவிரலில் கவிழ்த்துப் போட்டால் காது. கண்ணிமைக்கும் நேரம். ஒரு பாட்டி அம்மாவிடம் கத்தியை நீட்டினார். இரண்டு கிழிந்தது, மூன்றாவது காது வந்துவிட்டது. "அம்மாச்சி, இன்னும் ஒண்ணு!" என்று பொண்ணு குதித்தாள்.

ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னைப் பெரியவர் காசு வாங்காமல் கொடுத்திருந்தார். கீறல் விழாமல் இருக்க அப்பா அதைத் தன் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்ததும், அம்மா துண்டை உதறித் துவைக்கிற துணிகளோடு போட்டுவிட்டு முடிச்சில் கை வைத்தார்.

"துவை. அதை மட்டும் அவுத்துடாத" என்றார் அப்பா.